தீட்டு வேறு, தொற்று வேறு: கிருமியியல் வரலாறு காட்டும் உண்மை

மனிதனை மனிதன் தொட்டால் தீட்டு என்று விதி வகுத்த நாடு நம் நாடு. அவ்விதிக்குச் சாத்திரத்தின் துணை மட்டும் இனிப் போதாது என்று உணர்ந்தோர் சிலர், அண்மைக் காலத்தில் அதற்கு அறிவியலின் துணையையும் தேடத் தலைப்பட்டுள்ளனர். 2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபோது, “எட்டி நில், தொடாதே என்று நம் முன்னோர் அன்றே சொல்லவில்லையா? தீண்டாமையும் ஒரு சுகாதார முறைதானே!” என்று பேசியவர்கள் இருந்தனர். படித்தவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதுதான் வேதனை.

இக்கூற்றைச் சினந்து ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் கல்வியின் பெயரால் எழுந்த ஒரு கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அதனை உரைத்துப் பார்ப்பதே நமக்கு அழகு. நோய் எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்கிறது என்பதை ஆராய்ந்து, அதைத் தடுக்க வழி கண்டவர்கள் கிருமியியல் அறிஞர்கள். மருத்துவமனையின் ஒரு மூலையில், நுண்ணோக்கியின் முன் குனிந்தபடி உழைக்கும் அவர்கள் பெயர் ஊருக்குத் தெரிவதில்லை. அவர்களுடைய 175 ஆண்டு வரலாற்றில் சில ஏடுகளை நாம் புரட்டிப் பார்ப்போம். தீட்டும் தொற்றும் ஒன்றா, வேறா என்பது அப்போது தெளிவாகும்.

வியன்னா நகரின் இரு கூடங்கள்

ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னாவின் பொது மருத்துவமனையில், 19 ஆம் நூற்றாண்டின் நடுவில், ஏழைப் பெண்களுக்கெனக் கட்டணமில்லா மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற் பிரிவில் பேறு பார்த்தவர்கள் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் ஆவர். இரண்டாம் பிரிவில் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். ஒரு நாள் வருவோர் ஒரு பிரிவிலும் மறுநாள் வருவோர் மற்றொரு பிரிவிலும் மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர்.

1846 ஆம் ஆண்டில் முதற் பிரிவில் சேர்ந்த தாய்மார்களுள் 100க்கு 11 பேருக்கு மேல் பிரசவ ஜன்னி கண்டு இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ 100க்கு மூவர் கூட இறக்கவில்லை. இச்செய்தி நகர் முழுவதும் பரவியிருந்தது. முதற் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று மன்றாடிய பெண்கள் பலர். வழியிலேயே, தெருவிலேயே பிள்ளை பெற்று வந்தவர்கள் கூட, பெரிய மருத்துவர்களின் கையில் பிள்ளை பெற்றவர்களைக் காட்டிலும் நலமாக இருந்தனர்.

இந்தப் புதிரை அவிழ்க்க முற்பட்டவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய இளைஞர். முதற் பிரிவின் உதவி மருத்துவர் அவர். காற்றின் கேடு என்றனர் சிலர்; இரு பிரிவும் சுவாசித்தது ஒரே காற்று. நெரிசல் என்றனர், நெரிசல் மிகுந்தது இரண்டாம் பிரிவில்தான். மரணத் தறுவாயில் இருப்போருக்காக மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைக் கண்டு பெண்கள் அஞ்சி இறக்கின்றனர் என்றனர். செம்மல்வைஸ் அந்த மணியையும் நிறுத்திப் பார்த்தார். சாவு நிற்கவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பராகிய பேராசிரியர் கொல்லெட்ஷ்கா, பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, நோயுற்று மாண்டார். அவர் உடலில் கண்ட குறிகள் ஜன்னியால் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட குறிகளையே ஒத்திருந்தன. அப்போதுதான் உண்மை பளிச்சிட்டது. காலையில் பிணங்களை அறுத்த கைகளோடு மருத்துவர்களும் மாணவர்களும் நேரே மகப்பேற்றுக் கூடத்திற்கு வந்தனர். மருத்துவச்சிகளோ பிணம் அறுப்பதில்லை. தாய்மாரைக் கொன்றது மருத்துவரின் கையே!

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே எவரும் தாய்மாரைத் தொடவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் 100க்கு ஏறத்தாழ 18 ஆக இருந்த சாவு, ஜூனில் இரண்டளவில் வந்து நின்றது. 1848 ஆம் ஆண்டில் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடே இல்லாது போயிற்று.

ஆயினும் அக்கால மருத்துவப் பெருமக்களுள் பலர் இதனை ஏற்கவில்லை. உயர்ந்தோர் கை எவ்வாறு நஞ்சாகும் என்னும் செருக்கு அவர்கள் கண்ணை மறைத்தது. செம்மல்வைஸ் பதவியிழந்தார், மனம் நொந்தார், 1865 இல் மனநோயாளர் விடுதியில், புண் புரையோடி, 47 ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உயர்ந்த பட்டம் பெற்ற கை சாவைச் சுமந்து வந்தது. எளிய மருத்துவச்சியின் கை உயிரைக் காத்தது. நம் நாட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்த கைகளுள் பல, ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தாய்மாரின் கைகள்தாம். பிள்ளை பிறக்கும் வரை அக்கைகளை வீட்டினுள் அழைத்து, பிறந்த பின் அவர்கள் நின்ற இடத்தைக் கழுவித் தெளித்த வீடுகளை நம் பாட்டிமார் அறிவர்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டியவர்கள்

செம்மல்வைஸ் கையில் ஏதோ ஒட்டி வருகிறது என்று கண்டாரேயன்றி, அது இன்னதென்று காட்ட அவரால் இயலவில்லை. அப்பணியைப் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டரும் ஜெர்மனியின் ராபர்ட் காக்கும் செய்து முடித்தனர். காக் என்பவர் முதலில் ஒரு சிற்றூர் அரசு மருத்துவர். தம் வீட்டிலேயே ஆய்வு நடத்தி, ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் காரணமான கிருமியின் வாழ்வை 1876 இல் விளக்கினார். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை உலகிற்கு அறிவித்தார்.

ஒரு கிருமிதான் ஒரு நோய்க்குக் காரணம் என்று சொல்வதற்கு அவர்கள் கடுமையான அளவுகோல்களை வைத்தனர். நோயுற்ற உடலில் அக்கிருமி காணப்பட வேண்டும். அதை வெளியே எடுத்துத் தனித்து வளர்க்க வேண்டும். வளர்த்ததைச் செலுத்தினால் அதே நோய் தோன்ற வேண்டும். அங்கிருந்து மீண்டும் அதே கிருமியை எடுத்துக் காட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகே குற்றம் சாட்டலாம். எல்லா நோய்களிலும் இவ்வளவையும் நிறைவேற்ற முடிவதில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. எனினும் சான்றின்றிக் குற்றம் சாட்டாதே என்னும் நெறி நிலைத்தது.

தனித்து வளர்ப்பதற்கு ஒரு தளம் வேண்டும். காக்கின் கூடத்தில் முதலில் ஜெலட்டின் பயன்பட்டது. உடற்சூட்டில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதனைக் கரைத்தும் விடும். அக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸ என்பாரின் துணைவியார் ஃபேனி ஹெஸ்ஸ அம்மையார், தாம் சமையலில் பயன்படுத்திய அகர் அகரைப் பயன்படுத்தலாமே என்றார். ஜாவாத் தீவில் வாழ்ந்து வந்த ஒருவரிடமிருந்து அம்மையார் அறிந்த பொருள் அது. நம் வீடுகளில் கடல்பாசி என்று வழங்கி, இனிப்புச் செய்து உண்கிறோமே, அதுவேதான். மன்னார் வளைகுடாக் கரையில் ஏழை மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகர் தயாரிக்கப்படுகிறது. இன்றும் உலகின் ஆய்வுக்கூடங்களில் கிருமிகள் வளர்வது அகரின்மேல்தான். ஆயினும் 1882 ஆம் ஆண்டு அறிக்கையில் அம்மையாரின் பெயரோ அவர் கணவர் பெயரோ இடம்பெறவில்லை. உழைத்தவர் பெயர் மறைவது நமக்கு மட்டும் நேர்ந்த கதையன்று போலும்.

1884 இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்பவர், கிருமிகளை இரு பெரும் பிரிவாகப் பிரித்துக் காட்டும் சாய முறையைக் கண்டார். 1887 இல் பெத்ரி என்பவர் மூடியோடு கூடிய கண்ணாடித் தட்டை அமைத்தார். காசநோயாளியின் சளியைக் கண்ணாடியில் பூசிச் சிவப்புச் சாயமிட்டு, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் ஏற்றினால், நீலத் தளத்தின்மேல் சிவந்த சிறு கோல்களாகக் கிருமி தோன்றும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான மக்களுக்கு இவ்வாறுதான் நோய் கண்டறியப்பட்டது. ஆய்வுக்கூடத்திற்கு வரும் சளிக் குப்பியின்மேல் பெயர் உண்டு, எண் உண்டு, சாதி இல்லை. நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. தீட்டு என்னும் பொருளை எந்தக் கண்ணாடித் தட்டில் எவர் வளர்த்துக் காட்டினார் என்று நாம் கேட்டால், விடையளிப்பார் எவருமிலர்.

இரு குளங்கள்

1883 டிசம்பரில் காக் காலரா நோயை ஆராய நம் நாட்டுக் கல்கத்தாவிற்கு வந்தார். நோயாளிகளின் குடலில் கண்ட வளைந்த கிருமியை, 1884 இன் தொடக்கத்தில், அந்நகர்ப்புறக் குளம் ஒன்றின் நீரிலும் கண்டார். அக்குளத்தைச் சுற்றி வாழ்ந்த மக்கள் அதிலேயே குளித்து, அதிலேயே துணி துவைத்து, அதையே குடித்து வந்தனர். நோயாளியின் கழிவு நீரில் கலந்தால் அந்நீரே நோயைப் பரப்பும் என்பது அங்குக் கண்கூடாயிற்று. குடிநீரையும் கழிவையும் பிரித்து வை என்பதே அக்குளம் புகட்டிய பாடம்.

இதற்கு 43 ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு குளம் வரலாற்றில் இடம்பெற்றது. 1927 மார்ச் 20 அன்று, பம்பாய் மாகாணத்து மகாத் நகரின் சவுதார் குளத்தில், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று நீரருந்தினார். அக்குளம் எல்லோர்க்கும் உரியது என்று நகராட்சி முன்னரே தீர்மானித்திருந்தது. கால்நடைகள் அங்கு நீர் பருகத் தடையில்லை. மனிதர் பருகியதும் குளம் தீட்டாயிற்று என்றனர் ஆதிக்கச் சாதியினர். தீட்டைக் கழிக்க அவர்கள் செய்தது யாது? 108 மண்குடங்களில் பால், தயிர், பசுஞ்சாணம், கோமியம் ஆகியவற்றை நிரப்பி, மந்திரம் ஓதி, அக்குளத்தில் அமிழ்த்தினர்.

இவ்விரு குளங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதற் குளத்தில் ஓர் அறிஞர் நீரில் கலந்த கழிவே நோய்க்கு வழி என்று மெய்ப்பித்தார். இரண்டாவது குளத்தில் சாணத்தையும் சிறுநீரையும் நீரில் சேர்த்து, அதற்குத் தூய்மை என்று பெயரிட்டனர். தாகத்தால் குடித்த மனிதர் அசுத்தம். விலங்கின் கழிவு சுத்தம்! தீண்டாமை சுகாதார முறை என்போர்க்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதிய மறுமொழியாகும். அக்குள நீரில் நம் மக்களுக்குள்ள உரிமையை 1937 இல் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

ஒதுக்காமலே நோயை வென்ற சென்னை

நோயாளரை ஒதுக்கி வைத்தால்தானே தொற்று நிற்கும் என்று கேட்போர்க்கு நம் சென்னை மாநகரே விடை கூறியுள்ளது. 1950களில் காசநோயாளர் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடத்துவதே வழக்கம். நாட்டிலோ நோயாளர் பல லட்சம். படுக்கைகள் மிகச் சொற்பம். நெருக்கமான குடிசையில் வாழும் ஏழைக்குக் காசம் வந்தால் கதியென்ன?

இக்கேள்விக்கு விடை காண, 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. நகரின் ஏழை நோயாளர்களுள் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும், மறுபாதியினரைத் தம் குடும்பத்தோடு வீட்டிலுமாக வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். எவரை எங்கே வைப்பது என்பதும் மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை. குலுக்கல் முறை போன்ற ஏற்பாட்டால் முடிவாயிற்று. மாதந்தோறும் சளி எடுத்து, முட்டையால் செய்த தளத்தில் வளர்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கிருமி உண்டா இல்லையா என்று கிருமியியல் கூடத்தார் கணக்கெடுத்தனர். தீர்ப்பு அவர்கள் கையில்தான் இருந்தது.

சானடோரிய நோயாளர்க்கு நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமும் கிடைத்தன. வீட்டிலிருந்தோர்க்கு அவை வாய்க்கவில்லை. ஆயினும் 1959 இல் முடிவு வெளியானபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒத்த அளவில் குணமடைந்திருந்தனர். அதனினும் பெரிய செய்தி பின்னர் வெளியாயிற்று. வீட்டிலிருந்து மருந்துண்டவரின் மனைவி மக்களுக்கு, சானடோரியம் சென்றவரின் குடும்பத்தாரைக் காட்டிலும் மிகுதியாக நோய் வரவில்லை. முறையாக மருந்துண்ணத் தொடங்கியவரிடமிருந்து தொற்று விரைந்து குறைகிறது என்பதே இதன் பொருள். உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டிற்கு வருவதற்குச் சென்னையின் ஏழை மக்கள் வழிகாட்டினர். நோயாளரை விலக்குவதால் வராத வெற்றி, அவர்க்கு மருந்தை முறையாகக் கொடுப்பதால் வந்தது.

எல்லா இரத்தமும் ஒரு தன்மைத்தே

1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் கிருமியியல் பிரிவில் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டலில், பட்டமேற்படிப்பு மாணவியாகிய செல்லப்பன் நிர்மலா அம்மையார் ஓர் ஆய்வை மேற்கொண்டார். பெண்கள் சிலரின் இரத்தத்தைச் சேகரித்து, போதிய வசதியின்மையால் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்து, பனிக்கட்டியிட்ட பெட்டியில் இரவு இரயிலில் வேலூருக்குக் கொண்டு சென்று சோதித்தார். இந்தியாவில் எய்ட்ஸ் நோய்க் கிருமி புகுந்துள்ளது என்பது அவ்வாறு முதன்முதலில் வெளிப்பட்டது. அதன்பின் நாடெங்கும் எழுந்த அச்சத்தில், நோயுற்றோர் தீண்டத்தகாதவர்போல் நடத்தப்பட்டதை நாம் அறிவோம்.

அக்காலத்திலேயே கிருமியியலும் தொற்றுத் தடுப்பியலும் மிக உயர்ந்த ஒரு நெறியை வகுத்தன. நோயாளர் இன்னார் என்று தேடிப் பிடித்து விலக்குவதால் பயனில்லை. எவர் இரத்தத்தில் எது உள்ளது என்று பார்வையால் அறிய முடியாது. ஆதலால் எல்லோருடைய இரத்தத்தையும் தொற்றுடையதாகவே கருதி, எல்லோரிடத்தும் ஒரே வகையான கவனத்தோடு கையுறை அணிந்து பணி செய்க என்பதே அது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1987 இல் இதனைப் பொது விதியாக வெளியிட்டது. அமைச்சருக்கும் அதே கையுறைதான். தோட்டியின் மகனுக்கும் அதே கையுறைதான். சமத்துவம் என்பது அறத்தின் கட்டளை என்று நாம் கற்றோம். மருத்துவமனையில் அது பாதுகாப்பின் கட்டளையுமாயிற்று.

தொற்றுக்காக ஒருவரைத் தனித்து வைக்கும் தேவை சிலபோது வருவதுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு காரணக் கிருமி உண்டு, சோதனை உண்டு, நாள் கணக்கு உண்டு, தனித்திருப்போர்க்கு உணவும் மருந்தும் உண்டு. நோய் தணிந்ததும் அவர் எழுந்து வீடு செல்கிறார். தீட்டுக்கோ கிருமி இல்லை, சோதனை இல்லை, கெடுவும் இல்லை. பிறப்போடு ஒட்டி, இறந்தபின் சுடுகாட்டிலும் தொடர்கிறது. எந்த நீரில் எத்தனை முறை கழுவினாலும் அது போவதில்லை. கழுவினால் போவது தொற்று. கழுவியும் போகாதது சாதி வெறி.

கூடத்தின் வெளியே நிற்போர்

கிருமிகள் இன்று புதிய வலிமை பெற்று வருகின்றன. பென்சிலின் வழிவந்த மெத்திசிலின் என்னும் மருந்து வந்த சில மாதங்களிலேயே, அதற்கு அடங்காத கிருமியை 1961 இல் இங்கிலாந்தின் பட்ரீஷியா ஜெவன்ஸ் அம்மையார் அறிவித்தார். இத்தகைய கிருமிகள் மருத்துவமனையில் பரவாது காக்க, எந்தப் படுக்கையில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று நாள்தோறும் கணக்கிட்டுச் சொல்வோர் ஆய்வுக்கூடத்தினரே. மருத்துவரின் மருந்துச் சீட்டிற்குப் பின்னால் அவர்களுடைய அறிவு நிற்கிறது.

அவர்களுக்கும் பின்னால் நிற்போர் உளர். இரத்தம் தோய்ந்த பஞ்சையும் உடைந்த ஊசியையும் சுமந்து செல்லும் தூய்மைப் பணியாளர்கள் அவர்கள். அவர்களுள் நம் மக்கள் எத்துணை பேர் என்பதை நாம் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. 1998 இலும் பின்னர் 2016 இலும் மருத்துவக் கழிவு விதிகள் வந்தன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என வகை பிரித்துக் கழிவை இட வேண்டும். அதைக் கையாள்வோர்க்குப் பாதுகாப்புக் கருவிகள் தரவேண்டும். கல்லீரல் அழற்சி பி நோய்க்கும் இரணஜன்னிக்கும் தடுப்பூசி போடவேண்டும் என்பன 2016 ஆம் ஆண்டு விதிகளுள் அடங்கும். இவற்றை வழங்குதல் நிர்வாகத்தின் கருணை அன்று. சட்டம் தந்த உரிமை. ஊசி குத்திவிட்டால் உடனே அறிவித்துச் சிகிச்சை பெறவேண்டும் என்பதை ஒவ்வொரு தொழிலாளரும் அறிந்திருத்தல் வேண்டும். இதனை அவர்கட்கு எடுத்துச் சொல்லும் பணி, நம்மில் படித்த ஒவ்வொருவர்க்கும் உரியது.

அம்மட்டில் நின்றுவிடலாகாது. கழிவைச் சுமக்கும் கை எக்காலமும் அதே குடும்பத்தின் கையாகவே இருக்க வேண்டும் என்பது எந்தக் கிருமி வகுத்த விதியுமன்று. கழிவைச் சுமந்தவரின் மகள் அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர வேண்டும். மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் பட்டயமும் பட்டமும் உண்டு. அதற்கு மேல் நுண்ணுயிரியலில் ஆராய்ச்சிப் பட்டங்களும் உண்டு. பத்தாம் வகுப்போடு அறிவியல் பாடத்தைக் கைகழுவிவிடும் நம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தி, மேனிலைப் பள்ளியில் உயிரியலும் வேதியியலும் பயிலச் செய்தால் அவ்வழி திறக்கும். கழகத்தின் இரவுப் பாடசாலைகளும் நூலகங்களும் இப்பணியில் முனைந்தால், அடுத்த 25 ஆண்டுகளில் அறுவடை காண்போம்.

மனிதனைத் தொட்டால் கெடுதி என்றது பழமை. தொட்டுக் குணப்படுத்து, தொடுமுன் கையைக் கழுவு என்றது அறிவியல். இவ்விரண்டனுள் எது மனித குலத்தைக் காத்தது என்பதை வியன்னாவின் தாய்மாரும் சென்னையின் ஏழைக் குடும்பங்களும் சான்று கூறுகின்றனர். அச்சான்றை நம் பிள்ளைகளின் கையில் ஒப்படைப்பதே இவ்விழாவிற்கு நாம் ஆற்றத்தக்க கடமை. வாழ்க கழகம், வளர்க கல்வி!